மேட்டாக்கிங் என்றால் தோண்டுவது அல்ல... தார் வெட்டிய வாழையில் கட்டை விடுங்கள்!

“ஐயா, எங்கள் தோட்டத்தில் ஜி-9 வாழையில் முதல் தார் வெட்டி முடியும் நிலையில் இருக்கிறது. அடுத்து மறுதாம்பு விடப்போகிறோம். செல்போனில் வந்த சாகுபடிக் குறிப்பில் ‘அறுவடைக்குப் பின் மேட்டாக்கிங் செய்யவும்’ என்று போட்டிருக்கிறது. அகராதியில் பார்த்தால் ‘கொத்துக் கருவியால் தோண்டுதல்’ என்று வருகிறது. தாய் மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுக்க ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இது சரிதானா?”

சின்னமனூர் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. வழக்கமாகக் கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் பதில் எழுதிவிடுவேன். ஆனால், இந்தப் பதில் அச்சாகி அவர் கைக்குப் போகும்வரை அவருடைய வாழை பொறுக்காது. அன்று மாலையே போனில் கூப்பிட்டேன். “தோண்டாதீர்கள். ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியை நிதானமாகப் பேசுவோம்” என்றேன்.

அவர் கேட்டது ஒரு சொல்லுக்கு அர்த்தம். ஆனால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவருடைய அடுத்த வெள்ளாமையே நிற்கிறது. அதனால்தான் இதைத் தனிக் கட்டுரையாக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

பாதித் தோட்டம் சொன்ன பாடம்

வேளாண்மைப் பட்டம் முடித்து வேலைக்கு வந்த புதிது. உத்தமபாளையம் வட்டாரத்தில் பெரியவர் ஒருவர் ஓர் ஏக்கரில் வாழை வைத்திருந்தார். முதல் தார் வெட்டியதும், “அடுத்து என்ன செய்யட்டும் தம்பி?” என்று கேட்டார். என்னிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த பயிற்சிக் குறிப்பு ஒன்று இருந்தது. அதில் இதே மேட்டாக்கிங் என்ற சொல். கல்லூரியில் படித்திருக்க வேண்டியதுதான், நினைவில் இல்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சம். இரவு அகராதியைப் புரட்டிவிட்டு மறுநாள் காலையில் போய், “பழைய மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுத்துடுங்க ஐயா” என்று சொன்னேன்.

அவரும் ஆள் விட்டார். கடப்பாறை, குந்தாலி, மண்வெட்டி எல்லாம் இறங்கின. பாதித் தோட்டம் முடிந்தபோது பக்கத்து ஊரில் நடவு வேலை வந்துவிட, ஆட்கள் அங்கே போய்விட்டார்கள். மீதிப் பாதியில் தார் வெட்டிய மரங்கள் அப்படியே நின்றன.

ஒரு மாதம் கழித்துப் போனேன். தோண்டாத பாதியில் கன்றுகள் கருகருவென்று நிமிர்ந்து நின்றன. தோண்டிய பாதியில் கன்றுகள் வெளிறிப் போய், சில சாய்ந்தும் கிடந்தன. வேர் அறுந்த கன்று வேறென்ன செய்யும்? பிறகு வந்த ஆடிக் காற்றில் அந்தப் பக்கத்தில்தான் சேதம் அதிகம். தப்பியவையும் தள்ளித்தான் தார் போட்டன.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. “அகராதியைப் பாத்தீக தம்பி... வாழையைப் பாக்கலையே” என்றார். அன்றிலிருந்து எந்தப் புதுச் சொல்லைக் கேட்டாலும், அது வயலில் என்ன வேலையைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நான் சிபாரிசு செய்வதில்லை.

சொல் எங்கிருந்து வந்தது?

மேட்டாக் என்பது ஒரு கைக்கருவி. ஒரே காம்பில், ஒரு பக்கம் மண்வெட்டி போல அகலமான இலை. மறு பக்கம் குந்தாலி போலக் கூர்மையான முனை, அல்லது கோடாலி போன்ற வாய். கெட்டித் தரையைக் கொத்தவும், வேர்க்கட்டையைப் பெயர்க்கவும் பயன்படுவது. ஆங்கிலத்தில் மிகப் பழைய சொல். அந்தக் கருவியால் கொத்துவதையும் அதே பெயரால் வினைச்சொல்லாகச் சொல்வது உண்டு. அகராதியில் இருப்பது இந்தப் பொருள்தான். அகராதி சொல்வதில் பிழையில்லை.

ஆனால், நம் நாட்டு வாழைச் சாகுபடிக் குறிப்புகளில் இந்தச் சொல் கருவியை விட்டு விலகி, ஒரு வேலையின் பெயராகிவிட்டது. தார் வெட்டிய தாய் மரத்தை அடியோடு எடுக்காமல், சுமார் 2 அடி உயரத்துக்குக் கட்டையை விட்டு, மேல் பகுதியை மட்டும் வெட்டி அகற்றுவதே வாழையில் மேட்டாக்கிங். இந்த வேலைக்கு குந்தாலி தேவையில்லை. நல்ல அரிவாள் போதும்.

இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகள் தினமும் சொல்லும் ‘கவாத்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். காவல்துறை மைதானத்தில் கவாத்து என்றால் அணிவகுப்புப் பயிற்சி. திராட்சைப் பந்தலில் கவாத்து என்றால் கொடியை வெட்டிவிடுவது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையைப் பற்றி ஒருவர், ‘கவாத்து செய்யவும்’ என்று படித்துவிட்டு, கொடிகளை வரிசையில் நிறுத்தி நடக்கவிட முடியுமா? ஒரே சொல், இடத்துக்கு இடம் வேலை வேறு. மேட்டாக்கிங்கும் அப்படித்தான்.

தமிழில் இதை நான் ‘கட்டை விட்டு வெட்டுதல்’ என்று சொல்கிறேன். சொன்ன உடனே வேலை கண்ணுக்குத் தெரிகிறது.

வாழைக்குள் என்ன நடக்கிறது?

நாம் வாழை மரம் என்று சொல்கிறோம். ஆனால், வெளியே நிற்பது உண்மையான தண்டு அல்ல. இலை மட்டைகள் ஒன்றையொன்று சுற்றி உருவான போலித்தண்டு அது. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். பக்கக் கன்று அந்தக் கிழங்கிலிருந்துதான் முளைக்கிறது. ஆக, தாயும் கன்றும் மண்ணுக்கு அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு மரம் ஒரு தார்தான் போடும். பூ வெளியே வந்த பிறகு அந்த மரத்தில் புது இலை வராது. ஆனால், தார் வெட்டிய அன்றே மரம் செத்துவிடுவதில்லை. போலித்தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதோடு சாம்பல் சத்து உள்பட நாம் போட்ட உரத்தின் ஒரு பகுதியும் தண்டிலும் கிழங்கிலும் இருக்கிறது. தாரோடு சந்தைக்குப் போனது போக மிச்சம் இருப்பது இது. கட்டையை விட்டால், அந்தச் சத்தும் ஈரமும் கிழங்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்றுக்கு இறங்கும். கட்டை சுருங்கச் சுருங்க, கன்று தடிக்கும்.

வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே, அது வெறும் வாழ்த்து அல்ல. தோட்டத்தில் நடக்கும் வேலை. தோண்டினால் நாம் அறுப்பது அந்தத் தொடர்பைத்தான். கூடவே கன்றின் வேரும் அறுபடும், பிடிமானமும் போகும்.

“அப்படியானால் மரத்தை வெட்டாமல் முழுசாகவே விட்டுவிடலாமே?” என்று கேட்கலாம். அதிலும் சிக்கல் உண்டு. முழு மரம் நின்றால் கன்றின் மேல் நிழல் விழும். காற்றில் முறிந்து கன்றின் மேலேயே சாயும். இலைப்புள்ளி நோய் தாக்கிய பழைய இலைகள் நோயைப் பரப்பும். நாள்பட்ட தண்டில் கூன்வண்டு குடியேறும். அதனால்தான் முழுசாக விடாமலும் அடியோடு எடுக்காமலும், நடுவழியாக 2 அடிக் கட்டை.

கணக்கும் பார்த்துவிடுவோம்

6-க்கு 6 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 வாழை நிற்கும். மறுதாம்பு கெட்டுப்போனால் மறுபடி உழவு, குழி, புதுக்கன்று, நடவுக் கூலி. திசு வளர்ப்புக் கன்று என்ன விலை என்பது உங்களுக்கே தெரியும். அதை 1,210-ஆல் பெருக்கிப் பாருங்கள். தோண்டுவதற்குக் கொடுத்த கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலக் கணக்கும் இருக்கிறது. ஜி-9 நடவுப் பயிர் தார் வெட்ட ஏறத்தாழ 11 முதல் 12 மாதம் ஆகும். நன்றாகப் பராமரித்த மறுதாம்பு, முதல் தார் வெட்டியதிலிருந்து 8 முதல் 10 மாதத்தில் வெட்டுக்கு வந்துவிடும். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா?

எப்படிச் செய்வது?

1. வேலை தார் வெட்டும் நாளில் தொடங்குவதில்லை. பூ வரும்போதே தொடங்குகிறது. அதுவரை பக்கக் கன்றுகளை மாதம் ஒரு முறை எடுத்து வாருங்கள். பூ வந்ததும் அடி பருத்து, இலை குறுகி ஈட்டி போல நிற்கும் கன்று ஒன்றை மட்டும் விடுங்கள். அகல இலை விரித்த நீர்க்கன்று வேண்டாம். தோட்டம் முழுக்க ஒரே திசையில் உள்ள கன்றை விட்டால் மறுதாம்பிலும் வரிசை கலையாது.

2. தார் வெட்டும்போது மரம் கன்றின் மேல் சாயாதபடி வெட்டச் சொல்லுங்கள். வியாபாரியின் ஆட்கள் வெட்டுவதாக இருந்தால், நீங்கள் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். அவர்களுக்குத் தார் மேல்தான் கண். கன்று மேல் கண் வைக்க வேண்டியது நாம்தான்.

3. காய்ந்த இலைகளையும் புள்ளி விழுந்த இலைகளையும் அறுத்து எடுங்கள். பிறகு தரையிலிருந்து சுமார் 2 அடி விட்டு மேல் தண்டை வெட்டுங்கள். வெட்டு சற்றுச் சாய்வாக இருந்தால் மழைத் தண்ணீர் தேங்காது.

4. சில விவசாயிகள் ஒரே நாளில் 2 அடிக்கு வெட்டாமல், முதலில் பாதி மரம், சில வாரங்கள் கழித்து 2 அடி எனப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். இதுவும் நல்ல முறைதான். கூலிக்கு ஆள் கிடைப்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

5. எல்லா மரத்திலும் ஒரே நாளில் தார் வெட்டுவதில்லை. முதல் வெட்டுக்கு ஒரு நிறம், இரண்டாம் வெட்டுக்கு ஒரு நிறம் என்று கட்டையில் பழைய துணியைக் கட்டிவிடுங்கள். எந்தக் கட்டை எத்தனை நாள் ஆனது என்று பார்த்ததும் தெரியும்.

6. 30 முதல் 45 நாளில் கட்டை வற்றிச் சுருங்கிவிடும். அதன் பிறகு கட்டையை மண்மட்டத்துக்கு வெட்டி அப்புறப்படுத்தி, கன்றைச் சுற்றி மண் அணையுங்கள். அப்போதும் கிழங்கைத் தோண்ட வேண்டாம்.

7. கட்டை இருக்கிறதே என்று உரத்தை நிறுத்திவிடாதீர்கள். கட்டை தருவது கன்றுக்கு ஆரம்பப் பால் மாதிரி. மண் பரிசோதனைப்படி கொடுக்க வேண்டிய உரத்தைக் கன்றின் பக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கே கட்டை விடக் கூடாது?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஆரோக்கியமான மரத்துக்குத்தான் கட்டை விடலாம். சத்தை இறக்கும் அதே கட்டை, பூச்சிக்கும் நோய்க்கும் இடம் கொடுத்துவிடும்.

தண்டுக் கூன்வண்டு: தண்டில் சிறு துளைகள், அதிலிருந்து பிசின் வடிதல் தெரிந்தால், அந்த மரத்தில் கட்டை விடாதீர்கள். வெட்டித் துண்டு துண்டாக்கி அழியுங்கள். எருக்குழியில் போட வேண்டாம். நல்ல மரத்தின் தண்டை 2 அடி நீளத்துக்கு எடுத்து நெடுக்காகப் பிளந்து, வெட்டுப் பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். வாசனைக்கு வண்டுகள் வந்து சேரும். தினமும் புரட்டிப் பார்த்து, பொறுக்கி அழியுங்கள்.

வாடல் நோய்: அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டின் அடியை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பாகக் கோடுகள் அல்லது வளையங்கள் தெரியும். இந்தப் பூசணம் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு இருக்கும். அந்தக் குத்தில் கட்டையும் வேண்டாம், கன்றும் வேண்டாம். நோயுள்ள மரத்தைத் தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தண்ணீர் மற்ற பாத்திக்குப் பாயவும் விடாதீர்கள்.

முடிக்கொத்து நோய்: இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அசுவினி பரப்பும் வைரஸ் இது. இங்கேதான் உண்மையில் தோண்டும் வேலை வருகிறது. கிழங்கோடு, கன்றோடு எடுத்து அழிக்க வேண்டும்.

அரிவாள் விஷயத்திலும் கவனம் தேவை. சந்தேகப்பட்ட மரத்தை வெட்டிய அரிவாளை அப்படியே அடுத்த மரத்தில் வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் நனைத்துத் துடைத்த பிறகு வெட்டுங்கள்.

நோய் எது என்று சந்தேகம் இருந்தால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலோ, காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலோ காட்டிக் கேளுங்கள். திருச்சியில் 1993-லிருந்து வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. வெட்டிய பிறகு கேட்பதைவிட வெட்டும் முன் கேட்பது நல்லது.

இன்னும் சில வாழைச் சொற்கள்

குறிப்புகளில் அடிக்கடி வரும் வேறு சில சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாமே நீங்கள் ஏற்கெனவே செய்யும் வேலைகள்தான்.

டீசக்கரிங்: பக்கக் கன்று எடுத்தல்.

டீநேவலிங்: தாரில் கடைசிச் சீப்பு விரிந்த பிறகு, நுனியில் தொங்கும் வாழைப்பூவை ஒடித்தல். நேவல் என்றால் தொப்புள். அகராதியை மட்டும் பார்த்தால் ‘தொப்புள் நீக்குதல்’ என்றாகிவிடும்!

பிராப்பிங்: தாரின் பாரத்தில் மரம் சாயாமல் முட்டுக் கொடுத்தல்.

ஏர்த்திங் அப்: மண் அணைத்தல்.

ராட்டூன்: மறுதாம்பு. துளிர் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. கரும்பில் நாம் கட்டைக் கரும்பு என்கிறோமே, அதேதான்.

வாசகர்கள் கேட்டவை

*மறுதாம்பு விடாமல் அடுத்து நெல் போடப்போகிறேன். எனக்கும் கட்டை விடும் வேலை உண்டா?*

இல்லை. கட்டை விடுவது கன்றுக்காக. கன்றே வேண்டாம் என்றால் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். முல்லைப்பெரியாறு பாசனத்தில் நெல் போட வாய்ப்புள்ள வயலில், வாழைக்குப் பிறகு நெல் போடுவது நல்ல பயிர்ச் சுழற்சி. மண்ணில் உள்ள நூற்புழுவும் வாடல் நோய்ப் பூசணமும் குறையும்.

*வெட்டிய மேல் தண்டை என்ன செய்வது?*

நோயும் வண்டும் இல்லாத தண்டு என்றால், பொடிப்பொடியாக நறுக்கி வரிசைக்கு நடுவே மூடாக்காகப் போடுங்கள். முழுத்தண்டாகக் குவித்துப் போட்டால் வண்டுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். மண்புழு உரத்துக்கும் போடலாம். தீவனம் குறைந்த காலத்தில் நறுக்கி மாட்டுக்கும் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

*இரண்டு கன்று விட்டால் இரண்டு தார் கிடைக்குமே?*

ஒரு கட்டையில் இருக்கும் சத்தை இரண்டு கன்றுகள் பங்கு போட்டால் இரண்டுமே மெலியும். நெருக்கமும் கூடும். குத்துக்கு ஒரு கன்றே நல்லது.

*அந்தக் குறிப்பில் உள்ள வேறு சில சொற்களும் புரியவில்லை. யாரிடம் கேட்பது?*

உங்கள் வட்டார அலுவலரிடம் கேளுங்கள். 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். இந்த இதழுக்கும் எழுதுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட வேண்டியது, புரியாதபடி எழுதிக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள்தான்.

சின்னமனூர் வாசகர் ஒரு வாரம் கழித்து மறுபடி போன் செய்தார். ஆட்களை நிறுத்திவிட்டாராம். ஆனால், வாய்க்கால் ஓரமாக ஒரு வரிசையில் ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது. “அந்த வரிசைக் கன்றுக்கு என்ன செய்யட்டும் ஐயா?” என்றார். மண்ணை நன்றாக அணைத்து மிதித்துவிடவும், கன்றுகளுக்கு முட்டுக் கொடுக்கவும், தண்ணீரைச் சிறுகச் சிறுக விடவும் சொல்லியிருக்கிறேன். சில பிழைக்கும், சில போகும். மற்ற வரிசைகளில் கட்டை விட்டிருக்கிறார். துணி கட்டி நிறம் பிரித்தது அவருடைய அம்மாவாம். பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார்கள்.